ஆர்.கே.புரத்துக் கடல்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? அவரவர் வீட்டில் பேரனும் பேத்தியும் ஹோம்வொர்க்கை விரித்துவைத்துக்கொண்டு கொட்டாவி விட, நீங்கள் இந்தப் பார்க் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஏன் ஆறாவதோடு நின்றாய், ஏன் நின்றாய் என்று என்னைக் குடைகிறீர்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிடப் போகிறீர்களா? எனக்கும் அவசரம், என் மகளுக்கும் அவசரம், நாற்பத்தைந்தைத் தாண்டுமுன் பாட்டியாகிவிட்டேன். முட்டிவலிக்கு என்னைக் கண்டதும் குஷி. இந்தக் காலோடு எந்த பெஞ்சில் போய் உட்காருவது?

விடமாட்டீர்கள், தெரியும். பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிவைக்கிறவர்கள் நீங்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். ஒரு பிடி கிளிஞ்சலால் என் படிப்பு போயிற்று. இப்போதே சிரிக்காதீர்கள். சிரிக்கிற இடம் பின்னால் வருகிறது.

அப்போது எனக்குப் பத்து பதினொன்று வயது. ஆர்.கே.புரத்தில் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். ரெட்லைன் பஸ் நிற்காமலே ஆளை ஏற்றி, நிற்காமலே இறக்கிவிட்ட காலம். வீட்டில் நாலு பேர். அப்பா சர்க்கார் ஆபீசில் பியூன். அம்மா பாதி நாள் குழாயடியிலும் மீதி நாள் அடுப்படியிலும் இருப்பாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி நிழலில் ஒதுங்க வந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் யார் யாருடைய நிழலில் இருந்தார்கள் என்பது வீட்டுக்குள் வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாலாவது நான். எங்கள் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், கடற்கரையில்.

பிளாக்குக்குப் பின்னால் கீக்கர் முள்மரங்களுக்கு நடுவே ஒரு பாறை கிடந்தது. டெல்லி மலை என்று சொல்கிறார்களே, அதன் மிச்சம் மீதி. மேல்பக்கம் தட்டையாக இருக்கும். பிளாக்கிலுள்ள தமிழ்ப் பெண்கள் அங்கேதான் கூழ்வத்தல் ஊற்றுவார்கள். ஒரே குறை, பாறை வழவழவென்று இருக்காது. வரி வரியாக மேடும் பள்ளமும் ஓடும். எத்தனை மடிப்பு வேட்டி விரித்து ஊற்றினாலும் அந்த வரி வத்தலில் ஏறிவிடும். பொரித்து எடுத்தால் ஒவ்வொன்றும் கிழவன் நெற்றி மாதிரி. அம்மா சலித்துக்கொள்வாள். எனக்கு அந்த வரியை நாக்கால் தடவித் தின்பதுதான் பிடிக்கும். இந்த வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி அப்பா. அவர் அதிகம் படித்தவரில்லை. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் கேள்வி கேட்பார். பொட்டலம் கட்டிவந்த பேப்பரைக்கூட எண்ணெய்க் கறையோடு வாசிப்பார். ஆதியில் தெற்கே பெரிய தேசம் இருந்தது, கடல் கொண்டுபோயிற்று என்று அப்படி ஒரு பேப்பரில்தான் படித்தார் போலிருக்கிறது. அன்றிலிருந்து கடல் பைத்தியம் பிடித்தது. டெல்லியில் எங்கே கைப்பம்பு போட்டாலும் தண்ணீர் உப்பு, அது ஏன்? சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறதே, அது ஏன்? மழை ஓடிய பள்ளத்தில் கல்லெல்லாம் உருண்டையாகக் கிடக்கிறதே, உருட்டினது யார்? புத்தகம் எழுதினவன் இதையெல்லாம் வந்து பார்த்தானா? இப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு பாறையைச் சுற்றி வருவார். கடல் இங்கே வரைக்கும் வந்திருக்கிறது, வந்தது ரொம்பக் காலமும் இல்லை என்பது அவருடைய கட்சி.

எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் பார் என்று சொன்னதில்லை. வாசி என்றுதான் சொன்னார்கள்.

அந்த வருஷம் மழை கொஞ்சம் கூடுதல். ஒரு ஞாயிறு காலை பாறையின் அடிவாரத்தில் மண் அரித்துப்போய், உள்ளேயிருந்து வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். கிளிஞ்சல். நகக்கண் அளவு, ரோஸ் விளிம்பு. தோண்டத் தோண்ட வந்தது. ஆற்றுக் கிளிஞ்சல் வேறு, கடல் கிளிஞ்சல் வேறு, கடற்கரையில் பிறந்தவருக்கு அது தெரியாதா? இரண்டு கையிலும் அள்ளிவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாம வந்தேறி இல்ல ஆத்தா," என்றார் என்னிடம். "நாம கடலோட இங்க வந்தவுக. கடல்தான் நம்மள விட்டுட்டுப் போயிருச்சு."

அப்போது எனக்கு அது வெறும் பேச்சு. காய்க்காரன் மதராசி என்று கூப்பிடுவதும், பஸ்ஸில் கண்டக்டர் நாங்கள் பேசுகிற மாதிரி பேசிக்காட்டிச் சிரிப்பதும், ஆபீசில் அவருக்குப் பெயரே மதராசி என்றிருந்ததும் இப்போதுதான் அந்த வாக்கியத்தோடு சேருகிறது. உலகத்தின் கதை எப்படிப் போனால் அவருக்கென்ன, இந்த ஊரில் தனக்கு ஒரு கால் வைக்கிற இடம் அதில் இருக்கிறதா என்றுதான் தேடியிருக்கிறார். பால்பவுடர் டப்பா ஒன்றில் கிளிஞ்சலைப் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதிசயம் என்றாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. பூகோளத்தில், டெல்லியைச் சுற்றியுள்ள மலை எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி. மிகப் பழைய மலை, மழையிலும் காற்றிலும் தேய்ந்தது என்று புத்தகத்தில் இருந்தது. நான் எழுதினேன்: இங்கே கடல் இருந்தது, அது சமீபத்தில்தான் போனது, எங்கள் அப்பாவிடம் கிளிஞ்சல் இருக்கிறது, வேண்டுமென்றால் கொண்டுவருவார். முட்டை போட்டிருந்தார்கள், நல்ல வடிவான முட்டை.

அப்பா டப்பாவோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்களுடையது தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பூகோள டீச்சரும் தமிழ்தான். கெட்டவளில்லை. வகுப்பிலிருந்த உலக உருண்டையைத் தினம் ஈரத்துணியால் துடைக்கிற வேலையை எனக்குத்தான் கொடுத்திருந்தாள். இந்தியாவில் ஆரம்பித்து ஒரு சுற்று சுற்றி மறுபடி இந்தியாவுக்கு வந்து முடிப்பேன். அந்த வேலைக்காகவே நான் காய்ச்சலில்கூட லீவு போட்டதில்லை. நிற்க.

"பரீட்சைல புக்ல இருக்கறத எழுதணும் சார்," என்றாள் டீச்சர்.

"புக்கு எழுதுனவுக பாத்தாகளா டீச்சர்?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். இந்தா, கையில இருக்கு."

டப்பாவைத் திறந்து மேஜையில் கொட்டினார். பிள்ளைகளெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். டீச்சர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வரவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னாள். கல்லைப் பற்றிப் படித்தவர் யாராவது வந்து பார்த்து, இங்கே கடல் இருந்தது என்று சொல்லட்டும், வகுப்பு முன்னாலேயே முழு மார்க்கும் போடுகிறேன் என்றாள்.

"அதுவரைக்கும் எம் மக வரமாட்டா," என்றார் அப்பா.

ஒரு கையில் டப்பா, ஒரு கையில் நான். வெளியே வந்துவிட்டோம். ஆக, நான் திரும்பிப் போய் அந்த உருண்டையைத் துடைப்பது, ஆர்.கே.புரத்தில் கடல் இருந்ததா இல்லையா என்பதில் போய்த் தொங்கியது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு காரணத்தால் படிப்பு நின்றிருக்கிறதா? சொல்லுங்கள் பார்ப்போம்.

இரண்டு செக்டர் தள்ளிப் பெரிய குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ் ஆபீசர் இருந்தார். கல் ஆராய்கிற ஆபீஸ். கிருத்திகைதோறும் மலைமேல் முருகன் கோயிலுக்கு வருவார். அப்பா போய்ச் செருப்பு விடுகிற இடத்தில் காத்திருந்து பிடித்தார். ஆபீசர் சிரித்துக் கழித்துவிடுவார் என்றுதான் அம்மா நினைத்தாள். அவரோ ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

அந்த வாரம் நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்கு வீட்டில் முதலில் கிடைப்பது கீரைதான். அடுப்படியில் அம்மாவும் அத்தையும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் இருப்பது தெரிந்துதான் பேசினார்கள். பிள்ளைக்குக் காது உண்டு என்று அந்தக் காலத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப்பக்கம் காசிக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரத்துக் கடல் மண்ணை, கிளிஞ்சலும் கலந்ததை, எடுத்துக்கொண்டு போவார்கள். அதைக் கங்கையில் கரைத்தால்தான் யாத்திரை முழுமை. போக முடியாதவர்களும் செத்துப்போன தங்கள் ஆட்கள் பேரைச் சொல்லி ஆளுக்கு ஒரு பிடி மண்ணைக் கொடுத்தனுப்புவார்கள். டெல்லியில் எங்கள் வீடு இருக்கிறது, செங்கோட்டையும் பார்த்ததாயிற்று என்று காசிக் கூட்டமெல்லாம் முதலில் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். எல்லாம் கிழடுகள். ஊர் மண் முழுக்கத் தலையில் சுமந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. அவர்கள் குதுப்மினார் பார்க்கப் போகிற நேரத்தில், மூட்டையை அவிழ்த்துப் பாதி மண்ணை எடுத்துவிட்டு, பழையபடி மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிடுவாள். எடுத்ததைக் குப்பையில் போட முடியுமா? கால்படாத இடமாகப் பார்த்து, பாறையின் அடியில் கொட்டி ஒரு சூடம் ஏற்றிவிட்டு வருவாள். வருஷக்கணக்காக இது நடந்திருக்கிறது. சுமை குறைந்தது கிழடுகளுக்குத் தெரியாது. டெல்லிக் காற்று ஒத்துக்கொண்டது, உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ரயில் ஏறுவார்களாம்.

"மதினி, ஒரு வார்த்த சொல்லிருங்க," என்றாள் அம்மா. "ஒங்க தம்பி கத்துவாக, கத்திட்டு அடங்கிருவாக. பிள்ள பள்ளிக்கூடம் போகும்."

"சொல்லலாம்டி. நாளைக்கே ஊருக்குத் தெரிஞ்சா? எம்புட்டு வீட்டுச் செத்தவுக அதுல கெடக்காக. கங்கைக்குப் போய்ச் சேந்துட்டாகன்னு இருக்குற சனத்துக்கிட்ட, இல்ல, ஆர்.கே.புரத்துல கெடக்காகன்னு சொல்லவா?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். அத்தை குரலை இன்னும் தாழ்த்தி, "எங்க ஆத்தா பேருக்கு வந்த மண்ணும் அதுலதான் இருக்கு," என்றாள்.

அதாவது அப்பாவைப் பெற்றவள் பேருக்கு வந்தது. நான் சாமி படத்துப் பக்கத்திலிருந்த டப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. மழை ஓய்ந்து, குளிர் தொடங்காத நல்ல வெயில். பாறை மேல் அம்மா வழக்கம்போல வத்தல் ஊற்றியிருந்தாள். காக்கை விரட்டக் கம்போடு அத்தை. பிளாக்கில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள், எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரியும்கூட. அப்பா ஆபீசுக்குப் போகும் சட்டையைப் போட்டிருந்தார். ஆபீசர் தொப்பியும் சின்னச் சுத்தியலுமாக வந்தார். டப்பாவில் கையை விட்டு அள்ளிப் பார்த்தார்.

"கடல் கிளிஞ்சல்தான்," என்றார்.

அப்பா சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். அந்த முகம் என் கண்ணில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை, என் கல்யாணத்தில்கூட.

எடுத்த இடத்தைக் காட்டச் சொன்னார் ஆபீசர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் கிளறினார். கொஞ்சம் மணல், கொஞ்சம் கிளிஞ்சல், அப்புறம் ஒரு கிழிந்த மஞ்சள் துணி, முடிச்சோடு. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சூடம் எரிந்த கரியையும் பார்த்தார். தமிழர்தானே, புரிந்திருக்கும். நல்ல மனுஷன், துணியை இருந்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். யாரோ கொண்டுவந்து போட்டதுதான் இது, ரொம்ப வருஷமும் ஆகியிருக்காது என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் கனைத்தார். அத்தை காக்கையே இல்லாத இடத்தில் கம்பை ஓங்கிக்கொண்டிருந்தாள்.

அதோடு அவர் கிளம்பியிருந்தால் கதை வேறு. வெயிலில் வந்த களைப்பு, கொஞ்சம் உட்காரலாம் என்று பாறைமேல் ஏறி வத்தல் வேட்டியின் ஓரத்தை மெல்ல ஒதுக்கினார். ஒதுக்கின கை அப்படியே நின்றது. அந்த வரிகளைத் தடவினார். இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார். அம்மா பாவம், வத்தல் போகிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வாங்க," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "கடற்கரைல நிக்கறப்ப காலுக்கடியில மணல் இப்படித்தான வரி வரியா இருக்கும்? இது அதேதான். இந்தக் கல்லு ஒரு காலத்துல மணல். அலை வந்து வந்து போன எடம். இத்தன வருஷமா ரெண்டு செக்டர் தள்ளி இருக்கேன், நான் பாக்கல. நீங்க சொன்னது சரி. இங்க கடல் இருந்தது."

அப்பா அந்த வரிமேல் கையை வைத்தார். "அப்ப கிளிஞ்சல்?"

"அந்தக் கடல்ல கிளிஞ்சலே கெடையாது. மீன் கெடையாது. எந்த உசுருக்கும் ஓடுன்னு ஒண்ணு வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி. மனுஷன் பேச்சே இல்ல."

"ஆளே இல்லாத கடலா?"

"ஆமா."

"அத வச்சு நா என்ன சார் செய்றது?" என்றார் அப்பா.

ஆபீசருக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு யாருக்குமே விளங்கவில்லை. தாமே பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் சொல்வதாகக்கூட அவர் சொன்னார். அப்பா வேண்டாம் என்றார். மகள் எழுதினது இந்தக் கடல் இல்லை, இதற்கு மார்க் வாங்கினால் பிச்சை வாங்கினது மாதிரி என்றார். அம்மா அழுதாள், பட்டினி கிடந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆபீசரும் புத்தகக்காரர்தான், கல்லில் எழுதின புத்தகம், அவ்வளவுதான் என்பார் அப்பா. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, பள்ளிக்கூடத்தில் என் பேரை எடுத்துவிட்டார்கள். உருண்டையைத் துடைக்க வேறு யாரோ வந்திருப்பாள். எந்த தேசத்தில் ஆரம்பித்தாளோ.

அப்பாவின் பிடிவாதம் என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறதே, வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த மஞ்சள் முடிச்சு எங்கள் ஊர் முடிச்சு, அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆபீசர் அதைத் தூக்கிப் பிடித்தபோது அவர் அத்தையை ஒரு தரம் பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம்வரை விஷயம் போனால் யார் கொண்டுவந்து போட்டார்கள் என்ற கேள்வியும் கூடவே போகும். அக்காவையும் விட்டுக்கொடுக்க முடியாது, தன் கடலையும் விட முடியாது. மிச்சம் இருந்தது நான். அப்படித்தான் இருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். கேட்டுப் பார்க்க இப்போது அவரும் இல்லை.

பாறையும் இல்லை. ஸ்கூட்டர் ஷெட் கட்ட உடைத்துவிட்டார்கள், அந்த வரியெல்லாம் ஜல்லியாகி எந்த வீட்டுத் தளத்தில் கிடக்கிறதோ. டப்பாவை அத்தை ஒரு நாள் பஸ்ஸில் கொண்டுபோய் யமுனைப் பாலத்திலிருந்து கொட்டிவிட்டு வந்தாள். யமுனையும் போய்க் கங்கையில்தான் சேருகிறது, இது முன்னமே தோன்றாமல் போயிற்றே, இத்தனை வருஷம் பாறையடியில் கொட்டினேனே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா டப்பாவைத் தேடவே இல்லை.

சிரிக்கிற இடம் பின்னால் வருகிறது என்றேனே, இதோ.

நான் வீட்டில் நின்ற புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? உங்களை மாதிரிதான். ஒரு சாயங்காலம் கூட்டமாக வாசலுக்கு வந்து, பெண் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அம்மா கதவுக்குப் பின்னால். அத்தைதான் எழுந்து போனாள். என் தலையை வருடிக்கொண்டே, ரொம்ப வருத்தமாகச் சொன்னாள்:

"பிள்ளைக்குக் கண்ணு சரியில்லம்மா. டாக்டர் படிக்கக்கூடாதுன்னுட்டாரு. என்ன செய்றது, எங்க வம்சத்துக்கே இதான். கண்ணுக்கு முன்னாடி கெடக்குறது தெரியாது."

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து பிளாக் முழுக்க எனக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் நான்தான் ஆய்ந்தேன்.